இங்கிலாந்து ஜட்ஜ் வாயைத் திறக்கலாமா, கூடாதா?

லெஸ்டர்வாசி:
போன மாதம் ஒரு நண்பருக்கு மெக்கன்சி ஃபிரண்டாக இங்கே குடும்ப நீதிமன்றத்துக்குப் போனேன். தெரியாதவர்களுக்கு: வக்கீல் இல்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், காதில் மெல்லச் சொல்லலாம், வாதாட மட்டும் கூடாது, அதுதான் அந்த வேலை. எதிர்த்தரப்பில் விவரமான ஒரு பாரிஸ்டர். நண்பர் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்று கேள்வி கேட்காமல் தன் சோகக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜட்ஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு “அடுத்த கேள்வி?” என்கிறார். சாட்சியிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி எது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. இதற்குப் பெயர் நடுநிலையா?

மயிலை வக்கீல்:
ஆமாம் சார், அதுதான் நடுநிலை. ஆங்கிலேய முறையில் ஜட்ஜ் அம்பயர், பேட்டைக் கையில் எடுக்க மாட்டார். 1957-ல் ஜோன்ஸ் எதிர் தேசிய நிலக்கரி வாரியம் என்று ஒரு வழக்கு. சுரங்கத்தில் கூரை சரிந்து கணவனை இழந்த பெண் நஷ்டஈடு கேட்டார். விசாரித்த ஹாலெட் என்ற நீதிபதி உண்மையைக் கண்டுபிடிக்கிற ஆர்வத்தில் சாட்சிகளை அவரே கேள்வி மேல் கேள்வி கேட்டு, வக்கீல்களைப் பேசவே விடவில்லை. கடைசியில் தோற்றவர், ஜெயித்தவர் இருவருமே புகார் சொன்னார்கள்! டென்னிங் பிரபு அமர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஜட்ஜ் தன் அங்கியைக் கழற்றி வக்கீல் அங்கியை மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் கூடாது.

லெஸ்டர்வாசி:
படித்திருக்கிறேன். அந்த வழக்கில் இரண்டு பக்கமும் வக்கீல் இருந்தார்கள் சார், அதை விட்டுவிட்டீர்களே. விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது போன்ற பெரும்பாலான தனியார் குடும்ப வழக்குகளுக்கு அரசு கொடுத்த சட்ட உதவியை 2013 ஏப்ரலில் வெட்டினார்கள். வன்முறைக்கு ஆதாரம் காட்டினால் கிடைக்கும், மற்றபடி சொந்தக் காசு. 1957-ன் விதியை இன்றைய காலி நாற்காலிக்குப் பொருத்தினால் எப்படி?

மயிலை வக்கீல்:
அப்படியானால் சட்ட உதவியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள். பணத்தை வெட்டியது பாராளுமன்றம், அதற்கு ஜட்ஜ் எதற்கு வேஷம் மாற வேண்டும்? அவரே கேள்வி கேட்டு, அவரே பதிலை எடைபோட்டு, அவரே தீர்ப்பும் சொன்னால் எதிரே நிற்பவன் யாரிடம் போவான்?

லண்டன் சட்டமாணவி:
இரண்டு பேருமே சட்டப் புத்தகத்தைத் திறக்காமல் சண்டை போடுகிறீர்கள். ஜட்ஜ் கேட்கலாமா என்ற கேள்வியே குடும்ப நீதிமன்றத்தில் இல்லை. 1984-ன் திருமண, குடும்ப நடவடிக்கைகள் சட்டத்தில் 31ஜி என்று ஒரு பிரிவு பின்னால் சேர்க்கப்பட்டு 2014 முதல் அமலில் இருக்கிறது. வக்கீல் இல்லாதவர் சரியாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாமல் திணறினால், அவர் என்ன கேட்க நினைக்கிறார் என்று அறிந்து, பொருத்தமான கேள்விகளை நீதிமன்றம் தானே கேட்க வேண்டும், அல்லது கேட்க வைக்க வேண்டும். லெஸ்டர் அண்ணாவின் நண்பருக்கு நடந்தது விதியின் குறை இல்லை, விதியை அந்த ஜட்ஜ் எடுத்துப் பயன்படுத்தாத குறை.

10,000 பவுண்டுக்குள் வரும் சிறு வழக்குகளிலும் அப்படித்தான். அங்கே சாட்சிய விதிகளைக் கறாராகப் பார்ப்பதில்லை, ஜட்ஜே முதலில் கேள்வி கேட்டு முடித்துவிடலாம்.

மயிலை வக்கீல்:
சரிம்மா, 31ஜி இருக்கட்டும். “பொருத்தமான” கேள்வி எது என்று யார் முடிவு செய்வது? அதே ஜட்ஜ். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் எதிர்த்தரப்பு பாரிஸ்டர் ஜோன்ஸ் வழக்கைத் தூக்கிக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போவார். அதனால்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

லெஸ்டர்வாசி:
அதாவது மேல்முறையீட்டுக்குப் பயந்து. நான் சொல்ல வந்ததும் அதுதானே சார்!

பழைய பெஞ்ச்:
கிரிமினலையும் கொஞ்சம் பாருங்கள். பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில் குற்றம் செய்யாத ஆறு பேரை 1975-ல் உள்ளே போட்டது, 1991-ல்தான் விட்டார்கள். அன்றைக்கே ஒரு ராயல் கமிஷனை, அதாவது குற்றவியல் நீதி முறையை ஆராய அரசு விசாரணைக் குழுவை, அறிவித்தார்கள். பிரான்ஸ் மாதிரி நீதிபதியே புலனாய்வை நடத்தலாமா என்பதையும் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று 1993-ல் அறிக்கை கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய அடி வாங்கியும் அவர்கள் மாறவில்லை, அதற்குக் காரணம் வெறும் பிடிவாதம் இல்லை. வக்கீலும் ஜட்ஜும் வேறு வேறாக இருந்தால்தான் ஒருவர் தப்பை இன்னொருவர் பிடிக்க முடியும்.

லண்டன் சட்டமாணவி:
பதினாறு வருஷம் யாரும் பிடிக்கவில்லையே ஐயா. ஜட்ஜும் இருந்தார், வக்கீல்களும் இருந்தார்கள், ஜூரியும் இருந்தது. குடும்ப வழக்குக்கு வருவோம். டார்செட்டிலும் வட வேல்ஸிலும் 2022-ல் ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பித்தார்கள். இரு தரப்பும் மோதுவதற்கு முன்னாலேயே குழந்தையின் நிலையை விசாரித்து ஒரு அறிக்கை ஜட்ஜ் கைக்கு வந்துவிடும், எதைத் தோண்ட வேண்டும் என்பதை அவர் முதலிலேயே தீர்மானிப்பார். அப்புறம் வேறு ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. அம்பயர் கதையிலிருந்து அவர்களே நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

மயிலை வக்கீல்:
குழந்தை வழக்கில் மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன், அங்கே குழந்தையின் நலன்தான் முதல். பண வழக்கில் அதே ஜட்ஜ் ஒரு பக்கத்துக்காகக் கேள்வி கேட்டால் நான் மேல்முறையீடு போடுவேன், லெஸ்டர் சார் என்னைத் திட்டினாலும் சரி.

லெஸ்டர்வாசி:
திட்டவில்லை. நண்பருக்கு அடுத்த விசாரணைத் தேதி வந்திருக்கிறது. தங்கச்சி, அந்த 31ஜி-யில் எந்த உட்பிரிவு என்று சொன்னால் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், ஆரம்பத்திலேயே ஜட்ஜிடம் காட்டட்டும்.

லண்டன் சட்டமாணவி:
ஆறாவது உட்பிரிவு அண்ணா. கூடவே, கேட்க நினைக்கும் கேள்விகளை முன்கூட்டியே எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் முன்னால் இருந்தால் ஜட்ஜுக்கும் கேட்பது சுலபம்.