செய்தித்தாளை வைத்துப் பொருளியல் நடத்துவது: எந்தச் செய்தி, எவ்வளவு நேரம், எங்கே சறுக்குகிறது?

கரும்பலகை (கேள்வி)

மேல்நிலை வகுப்புப் பொருளியல் ஆசிரியர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு, இரண்டும் தமிழ்வழி. வகுப்புக்கு நாற்பது பேர், 45 நிமிடப் பாடவேளை. செய்தியிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். ஆனால் பத்து நிமிடத்தில் பேச்சு “அரசாங்கம் சரியில்லை”, “வியாபாரி பதுக்குகிறான்” என்று போய் நின்றுவிடுகிறது. மறுநாள் தேவைக்கோடு வரையச் சொன்னால் முந்தின நாள் பேசியதற்கும் அதற்கும் தொடர்பே இருப்பதில்லை.

பொதுத்தேர்வு 90 மதிப்பெண், பெரும்பாலும் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள். ஆகவே பாடத்திட்டத்தை விட்டு விலக முடியாது. எந்த மாதிரிச் செய்தியை எடுப்பது, எந்தப் பாடத்தோடு கட்டுவது, அரசியல் பேச்சு வந்தால் என்ன செய்வது? பொதுவான அறிவுரையாக இல்லாமல், வகுப்பில் அப்படியே செய்து பார்க்கக்கூடியதாகச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

முதல் விஷயம்: அன்றைய செய்தியை எடுக்காதீர்கள். முடிவு தெரிந்துவிட்ட, ஆறிப்போன செய்தியாக எடுங்கள். இன்றைய செய்தியில் பாதித் தகவல்தான் இருக்கும். மாணவர் சொல்லும் கணிப்பு சரியா என்று சோதிக்க வழியில்லை, அதனால் எல்லாரும் அபிப்பிராயம் சொல்வதோடு நிற்கும். பழைய செய்தி என்றால் நடுவில் நிறுத்தி “அடுத்து விலை என்ன ஆகும், ஏன்?” என்று எழுத வைக்கலாம். பிறகு நடந்ததைக் காட்டலாம்.

பதினொன்றாம் வகுப்புத் தேவை, அளிப்புப் பாடத்துக்கு 2023 ஜூலைத் தக்காளி விலையை விட நல்ல செய்தி கிடைப்பது கஷ்டம். செய்யும் முறை:

கோயம்பேடு மொத்த விலையை வாரத்துக்கு ஒன்று வீதம் ஜூன் முதல் செப்டம்பர் வரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நாளிதழ்களில் கிடைக்கும். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தைவாரியாக வரத்து, விலை இரண்டும் இருக்கும். செய்தியிலிருந்து நூறு சொல்லுக்கு மிகாமல் ஒரு பத்தியை மட்டும் வெட்டுங்கள். தலைப்பையும் கருத்து சொல்லும் வரிகளையும் நீக்கிவிடுங்கள். “எகிறியது”, “கண்ணீர்” என்று தலைப்பே தீர்ப்பு சொல்லிவிட்டால் பிள்ளைகள் யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது. ஐந்து பேருக்கு ஒரு பிரதி, ஆக எட்டுப் பிரதி போதும். வகுப்பு முடியும்போது தலைப்பை அவர்களே எழுதட்டும்.

பத்து நிமிடம் அட்டவணையும் வரைகட்டத்தாளும். அடுத்த பதினைந்து நிமிடம் கோடு வரைவது. இங்கேதான் சறுக்கல் வரும். பாதிப் பேர் தேவைக்கோட்டை இடப்பக்கம் நகர்த்துவார்கள். “விலை ஏறிவிட்டது, மக்கள் குறைவாக வாங்கினார்கள், அதனால் தேவை குறைந்தது” என்பார்கள். அதைத் தப்பு என்று அடித்துவிட்டு நகராதீர்கள். “விலை மாறுவதற்கு முன்னால் மாறியது எது?” என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். கோலார், மதனப்பள்ளிப் பக்கமிருந்து வரத்து குறைந்ததுதான் முதலில் நடந்தது. ஆக நகர்ந்தது அளிப்புக்கோடு. தேவைக்கோடு இருந்த இடத்தில் இருக்க, அதன் மேலேயே நாம் மேல்நோக்கிப் போனோம். அது தேவைச் சுருக்கம், இடப்பெயர்ச்சி அல்ல. இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் அந்தப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

அடுத்து அந்த ஜூலையில் தமிழக அரசு சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதைச் சொல்லுங்கள். “இது உச்சவிலைக் கட்டுப்பாடா?” என்று கேளுங்கள். பலரும் ஆம் என்பார்கள். கட்டுப்பாடு என்றால் 60க்கு மேல் யாருமே விற்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்க வேண்டும். இங்கே வெளிச்சந்தையில் விலை அதன் போக்கில் இருந்தது. அரசு தானே கொள்முதல் செய்து, பக்கத்தில் ஒரு மலிவான வழியைத் திறந்தது. படத்தில் கிடைக்கோடு போடும் மாணவரைத் திருத்த இதுவே இடம்.

கடைசியில் கணிப்பு: “ஜூலை விலையைப் பார்த்து விவசாயி நாற்று நட்டால் என்ன ஆகும்?” நட்டுப் பறிப்புக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். எழுதி முடித்ததும் செப்டம்பர் விலையைக் காட்டுங்கள். இப்படி இன்றைய விலையைப் பார்த்து நட்டது, பிறகு சந்தைக்கு வந்து விலையை மாற்றுவதற்குச் சிலந்தி வலைக் கோட்பாடு என்று பெயர்; அந்தப் பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

கணக்கேடு

நொய்யல்கரை சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஒன்று மட்டும் கூட்டுவேன்: ஒரு செய்திக்கு ஒரு கருத்து, ஒரு கணக்கு. கணக்குப் போடாத எவருக்கும் அன்று கருத்து சொல்ல உரிமை இல்லை என்று விதி வையுங்கள். பேச்சு தானாக ஒழுங்குக்கு வரும்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பணவீக்கச் செய்தி நல்லது. “பணவீக்கம் குறைந்தது” என்று படித்ததும் மாணவருக்கு “விலை குறைந்தது” என்றுதான் தோன்றும். சில்லறைப் பணவீக்கம் 2023 ஜூலையில் 7.44%, 2024 ஜூலையில் 3.6%, 2025 ஜூலையில் 1.6%. 2022 ஜூலையை 100 என்று வைத்து மூன்று முறை பெருக்கச் சொல்லுங்கள்: 107.4, 111.3, சுமார் 113. விகிதம் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வர, விலை மட்டம் மூன்று ஆண்டில் 13% ஏறியிருக்கிறது. வீட்டில் அம்மா “எதுவும் குறையலையே” என்று சொல்வதும் சரி, செய்தியும் சரி என்று அந்தக் கணக்கிலேயே புரிந்துவிடும்.

தக்காளியையே இங்கும் இழுக்கலாம். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் தக்காளியின் எடை (குடும்பச் செலவில் அதற்குக் கொடுக்கப்பட்ட பங்கு) 0.57%தான். விலை இரட்டிப்பானால் மொத்தக் குறியீட்டெண்ணில் ஏறத்தாழ 0.57 புள்ளி கூடும், மூன்று மடங்கானால் 1.14. இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு பெரிய தலைப்பாவது ஏன் என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே மூன்று முறை குறைந்து 6.50இலிருந்து 5.50 ஆனது. அதைத் தவணைக் கணக்காக மாற்றுங்கள். 20 லட்ச ரூபாய் வீட்டுக்கடன், 20 ஆண்டு: 8.5% என்றால் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய், 7.5% என்றால் சுமார் 16,112. மாதம் 1,244 மிச்சம். அதே பலகையில் இன்னொரு பக்கம் தாத்தாவின் 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை: 7% வட்டியில் ஆண்டுக்கு 35,000, 6% ஆனால் 30,000. வட்டிக் குறைப்பு எல்லாருக்கும் நல்ல செய்தி அல்ல என்று இரண்டு வரியில் தெரிந்துவிடும். கவனம்: ரெப்போ என்பது வங்கி ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கும் வட்டி. வாடிக்கையாளர் கட்டும் வட்டி அதுவே என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். குறைப்பு முழுதாகவும் உடனேயும் கடன்காரருக்கு வந்து சேரும் என்பதும் இல்லை.

ஜி.எஸ்.டி. பாடத்துக்கு 2025 செப்டம்பர் 22க்கு முன்னும் பின்னுமான கடை ரசீதுகள். பற்பசைக்கு 18% போய் 5% ஆனது. வரிக்கு முந்தைய விலை 100 என்றால் 118 கொடுத்தவர் இனி 105 கொடுக்க வேண்டும். விலை எத்தனை சதவீதம் குறைந்தது? எல்லாரும் 13 என்பார்கள். 13ஐ 118ஆல் வகுத்தால் 11தான். சதவீதமும் சதவீதப் புள்ளியும் வேறு என்று சொல்லித்தர இதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரியவில்லை.

கரும்பலகை

இருவருக்கும் நன்றி. தலைப்பை வெட்டுவது எனக்குத் தோன்றவே இல்லை, இந்த வாரமே செய்கிறேன். பன்னாட்டுப் பொருளியலுக்கு 2025இல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட 50% வரியை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் “திருப்பூர் முதலாளி 50% வரி கட்ட வேண்டும்” என்பதைத் தாண்டி விவாதம் நகருமா என்று சந்தேகமாக இருக்கிறது. நொய்யல்கரை, இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறதா சார்?

நொய்யல்கரை

இருக்கிறது. முதலில் வரியைச் செலுத்துபவர் யார் என்று தெளிவாக்குங்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் சுங்கவரி கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். சுமை யார் தலையில் விழுகிறது என்பது வேறு கேள்வி, அதை நெகிழ்ச்சிதான் (விலை மாறினால் வாங்கும், விற்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) தீர்மானிக்கும்.

2025 ஆகஸ்ட் 27 நிலவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி டி-சர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5% சுங்கவரி உண்டு. அதற்கு மேல் இந்தியாவுக்கு 50%, வங்கதேசத்துக்கு 20%. இரு நாட்டுச் சட்டையும் கப்பலேறும்போது 10 டாலர் என்று வைப்போம். அமெரிக்க இறக்குமதியாளருக்கு அடக்கம்: இந்தியச் சட்டை 16.65, வங்கதேசச் சட்டை 13.65. இந்தியச் சட்டையும் 13.65க்கு வர வேண்டுமானால் திருப்பூர் விலை எவ்வளவாக இருக்க வேண்டும்? 13.65ஐ 1.665ஆல் வகுத்தால் 8.20 டாலர். அதாவது 18% தள்ளுபடி. மாணவர்கள் 10இலிருந்து 3ஐக் கழித்து 7 என்று எழுதுவார்கள். விலை இறங்கும்போது அதன் மீதான வரியும் சேர்ந்து இறங்குவதை மறப்பதால் வரும் பிழை அது.

அதன் பிறகு கேளுங்கள்: ஏற்றுமதியாளரின் லாப விகிதம் 18%ஐ விடக் குறைவு என்றால் அவர் முன்னால் இருக்கும் வழிகள் என்ன? நூல் விலை, கூலி, வேறு சந்தை, ஆர்டரை விடுவது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். மாற்றுப் பொருள் அருகில் இருந்தால் தேவை நெகிழ்ச்சி அதிகம் என்ற புத்தக வரிக்கு உயிர் வருவது அங்கே. வரி விகிதங்கள் அதன் பின்னர் மாறிவிட்டதால் தாளின் மேலே தேதியைக் கட்டாயம் எழுதிவிடுங்கள்.

வடமராட்சி

இலங்கையில் உயர்தர வகுப்பில் (உங்கள் மேல்நிலை வகுப்புப் போன்றது) பொருளியல் கற்பிக்கிறேன். எங்களிடம் மாணவர்கள் நேரில் பார்த்த செய்தி 2022 எரிபொருள் நெருக்கடி. அதைப் பாவிக்கும்போது ஒரு எச்சரிக்கை.

ஒக்ரேன் 92 பெற்றோல் 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபா, 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. விலை 165 வீதம் ஏறியது. விற்ற அளவும் குறைந்தது. உடனே மாணவர்கள் இரண்டையும் வகுத்துக் கேள்வி நெகிழ்ச்சி (நீங்கள் தேவை என்பதை நாங்கள் கேள்வி என்போம்) காணப் பார்ப்பார்கள். காணக் கூடாது. அந்த மாதங்களில் விற்ற அளவைத் தீர்மானித்தது வாங்குபவரின் விருப்பமல்ல, எரிபொருள் இறக்குமதிக்கு டொலர் இல்லாமை. வரிசை நின்றது என்றாலே அந்த விலையில் கேட்ட அளவு கிடைத்த அளவை விட அதிகம் என்று பொருள். ஆகவே கேள்வி வளையியில் (தேவைக்கோட்டில்) அந்தப் புள்ளி இல்லவே இல்லை. ஏறக்குறைய நிலைக்குத்தான நிரம்பல் (அளிப்பு) கோடு ஒன்றை வரைந்து, சமநிலைக்குக் கீழே 470இல் கிடைக்கோடு போட்டால் வரிசையின் நீளம் படத்தில் இடைவெளியாகத் தெரியும்.

பிறகு அமையச் செலவு, அதாவது ஒன்றுக்காக இழக்கும் இன்னொன்றின் பெறுமதி. நாட்கூலி 2,000 ரூபா உழைப்பவர் ஒரு நாள் முழுவதும் வரிசையில் நின்று 4 லீற்றர் பெற்றால், லீற்றருக்கு 500 ரூபா கூடுகிறது. உண்மையில் அவர் கொடுத்தது 970. வரிசையில் கழிந்த அந்த 500 யாருக்கும் வருமானமாகப் போகவில்லை என்பதையும் கேட்டு வாங்குங்கள். அதன் பின் கியூஆர் எரிபொருள் அட்டை: தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4, முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 லீற்றர். விலையால் பங்கிடுவது, வரிசையால் பங்கிடுவது, அளவால் பங்கிடுவது, மூன்றிலும் யார் வெல்கிறார், யார் தோற்கிறார் என்று குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. கரையோரப் பாடசாலை என்றால், படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுவதால் மீன் நிரம்பல் கோடு இடப்பக்கம் நகர்ந்ததை மாணவரே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். ஆனால் அந்த வருடம் பல வீடுகளுக்குப் பட்டினி வருடம். “உங்கள் வீட்டில் என்ன நடந்தது” என்று எவரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம். கற்பனைக் குடும்பம் ஒன்றின் கணக்கைக் கொடுங்கள்.

வரவுசெலவு

அரசியல் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நிதிப் பொருளியலை அரசியல் இல்லாமல் நடத்தினால் அது வெறும் வரையறைப் பட்டியல். எப்போதும் ஜோடியாக எடுங்கள், மாநில அரசின் ஒன்று, மத்திய அரசின் ஒன்று, இரண்டுக்கும் ஒரே கேள்வி.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியபோது சுமார் 1.06 கோடிப் பேருக்கு மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,720 கோடி. மத்திய அரசு 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தது. அதனால் விட்டுக்கொடுக்கும் வருவாய் சுமார் 1 லட்சம் கோடி என்று நிதியமைச்சர் சொன்னார். கேள்வி: கைக்கு வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் எந்தப் பிரிவினர் அதிகம் செலவழிப்பார்கள், ஏன்? இது இறுதிநிலை நுகர்வு நாட்டம் பற்றிய கேள்வி. கட்சி உள்ளே வராது.

இதில் இரண்டு பிழை வழக்கமாக வரும். உரிமைத் தொகையை நாட்டு வருமானத்தில் சேர்த்துவிடுவார்கள். அது மாற்றுச் செலுத்துதல் (பதிலுக்குப் பொருளோ உழைப்போ பெறாமல் கொடுப்பது), சேராது. அதைக் கொண்டு வாங்கும் பொருள்தான் சேரும். அடுத்தது பெருக்கி, அதாவது அரசு செலவிடும் ஒரு ரூபாய் நாட்டு வருமானத்தை எத்தனை ரூபாய் கூட்டும் என்பது. நாட்டம் 0.8 என்றால் 5 என்று போடுவார்கள். அது அரசு நேரடியாகப் பொருள் வாங்கும்போது. கையில் பணமாகக் கொடுத்தால் முதல் சுற்றிலேயே 0.2 சேமிப்பாகப் போய்விடும், ஆகவே 4. சராசரி மாணவருக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டாம், முந்திப் போகிறவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு: ஒவ்வொரு செய்தி வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தப் பாடத்தின் பின்பக்க மூன்று மதிப்பெண் கேள்வி ஒன்றை எழுத வையுங்கள், செய்தி உதாரணமாக வர வேண்டும். வரையறைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, உதாரணத்துக்கு ஒன்று என்று திருத்துங்கள். வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு மேல் இப்படி நடத்த வேண்டாம். மற்ற நாட்களில் பாடம் அதன் வரிசையில் போகட்டும். பெருக்கியும் குறியீட்டெண்ணும் தெரியாத வகுப்பிடம் பட்ஜெட் செய்தியைக் கொடுத்தால் நீங்கள் முதலில் சொன்ன அதே பத்து நிமிடப் பேச்சுதான் திரும்ப வரும்.