ஏழாழி உலகத்தில் இரவு எப்படி வருகிறது?

தென்வானம் (போர்ட் லூயி):

அனைவருக்கும் வணக்கம். "ஏழாழி" என்னும் மிகுபுனைவுத் தொடர்கதை ஒன்றை எழுதி வருகிறேன். அதன் அண்ட அமைப்பைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நடுவில் ஒரு மலை, மலையைச் சூழ்ந்து வட்டமான ஒரு தீவு, தீவைச் சூழ்ந்து ஒரு கடல், கடலைச் சூழ்ந்து வளையமாக மற்றொரு தீவு என ஏழு தீவுகளும் ஏழு கடல்களும் மாறி மாறி விரியும் தட்டையான உலகம் அது. அளவுகளை விஷ்ணு புராணத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன். நடுத்தீவின் குறுக்களவு 1 இலட்சம் யோசனை (புராணங்கள் கையாளும் தொலைவு அளவு). அதற்கு அடுத்த தீவின் அகலம் 2 இலட்சம். இவ்வாறு ஒவ்வொரு தீவும் முந்தையதைப் போல் இருமடங்காகும். ஒவ்வொரு கடலும் தான் சூழ்ந்திருக்கும் தீவின் அளவே அகன்றது. மலை 84,000 யோசனை உயரம். கடல்களை மட்டும் மாற்றிவிட்டேன். கரும்பாலைப் புகையில் வளர்ந்த எனக்குப் புராணம் சொல்லும் கருப்பஞ்சாற்றுக் கடலை ஓர் அதிசயமாக எழுதக் கை வரவில்லை.

ஏழாம் தீவின் நடுவே வட்டமாக ஓடும் மலைத்தொடரின் மேல், தரையிலிருந்து 1 இலட்சம் யோசனை உயரத்தில், விண்மீனைப் போலச் சிறிதாகத் தெரியும் ஒரு விளக்கு நாளுக்கு ஒரு முறை உலகைச் சுற்றி வருகிறது. கதைமாந்தர் ஆறாம் தீவின் வெளிக்கரையில் வாழும் மாலுமிகள். விளக்கு நடுமலைக்குப் பின்னால் மறையும்போது மேற்குத் துறையிலிருந்து இருள் பரவி ஊரை மூடுகிறது என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். படித்த நண்பர் ஒருவர் அந்த இரவு நம்பும்படியாக இல்லை என்கிறார்.

என் கேள்விகள் இரண்டு. இந்த அமைப்பில் இரவு எப்படி வரும்? வடக்கே மேருவும் (புராணத்தின் நடுமலை) அதன் மேல் துருவனும் (துருவ விண்மீன்) நிற்கும் இந்த வானத்தை, மொரிசியஸில் நாம் அன்றாடம் காணும் வானத்துக்கு நெருக்கமாக எப்படி மாற்றுவது?

நாவலந்தீவான்:

உங்கள் நண்பர் சொல்வது சரி. நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். நடுமலையிலிருந்து விளக்கின் பாதை 157.5 இலட்சம் யோசனை தொலைவில் இருக்கிறது. விஷ்ணு புராணத்தின் அளவுகளின்படி, ஏழாம் தீவின் நடுவே வளையமாக நிற்கும் மானசோத்தர மலையின் தொலைவும் இதுவே. மேருவின் அடி 16,000 யோசனை, உச்சி 32,000 யோசனை அகலம் என்று புராணம் கூறுகிறது. தாராளமாக உச்சியின் அகலத்தையே எடுத்துக்கொண்டாலும், நடுத்தீவின் கரையில் நிற்பவனுக்கு விளக்கு மறைந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு இரண்டரை மணிக்கு மேல் நீளாது. உங்கள் மாலுமிகள் வாழும் ஆறாம் தீவின் வெளிக்கரையில் அது ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடம்தான். விளக்கை ஏற்றி வைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பகலில் இருக்கிறது. 1 இலட்சம் யோசனை உயரத்தில் உள்ள விளக்கு, ஆறாம் தீவுக்கு மிக அருகே வரும்போதும் 64 இலட்சம் யோசனை தள்ளியே நிற்கிறது. அப்போதும் அது அடிவானத்திலிருந்து ஒரு பாகை உயரம்கூட ஏறியிருக்காது. உச்சிப்பொழுது என்பது ஏழாம் தீவில் மட்டுமே உண்டு. மற்ற ஆறு தீவுகளிலும் நாள் முழுவதும் நிழல்கள் நீண்டே கிடக்கும், வெளிச்சம் எப்போதும் பக்கவாட்டிலிருந்தே வரும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் நிலையில் நான் இருந்தால் இதை ஒருபோதும் திருத்த மாட்டேன். நண்பகல் வெயிலை அறியாத மக்கள் கூரையை எப்படி வேய்வார்கள், உப்பை எப்படி விளைவிப்பார்கள், வாசலை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்றெல்லாம் எழுத எவ்வளவோ இருக்கிறது.

இரவுக்கு வேறு வழி வேண்டும். சூரியன் கண்ணுக்குத் தெரிவதையே உதயம் என்றும் தெரியாமற்போவதையே மறைவு என்றும் சொல்கிறோமே தவிர, உண்மையில் அதற்கு உதயமும் இல்லை, மறைவும் இல்லை என்பது விஷ்ணு புராணத்தின் கூற்று. அந்தக் கருத்தைப் பற்றிக்கொண்டு, உங்கள் விளக்கின் ஒளி 155 இலட்சம் யோசனை வரைதான் செல்லும், அதற்கப்பால் அவிந்துவிடும் என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்துப் பாருங்கள். ஆறாம் தீவின் வெளிக்கரையில் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரப் பகலும் மீதி இரவும் கிடைக்கும். உள்ளே போகும்போது பகல் முதலில் சற்று நீளும், நான்காம் தீவைச் சூழ்ந்த கடலில் ஏறத்தாழ பத்தரை மணி நேரத்தைத் தொட்டபின் குறையும். இரண்டாம் தீவின் வெளிக்கரையில் அது ஏறத்தாழ ஆறு மணி நேரம். அதே தீவின் நடுவே ஒரு வட்டக்கோடு விழும். கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பகல் உண்டு, உள்ளே இருப்பவர்களுக்கு என்றைக்கும் இல்லை. நடுத்தீவில் ஒருநாளும் விடியாது. எல்லோரும் தெய்வம் உறையும் இடம் என்று கைதொழும் மலை, யாருமே கண்டிராத இருளுக்குள் நிற்கும்.

மலையின் அகலத்தைக் கூட்டியும் இரவை நீட்டலாம். ஆனால் அப்போது என்றைக்கும் விடியாத தீவு என்று ஒன்று இராது. எனக்கு அதில் விருப்பமில்லை.

மலையடிவாரம் (காத்ர் போர்ன்):

இரண்டாம் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். தமிழ் கற்பிப்பவன் என்பதால் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தீவினர்க்கும் மேரு வடக்கிலேயே இருக்கிறது என்கிறது புராணம். வளைய உலகத்தில் இது முரண்போலத் தோன்றினாலும் முரணில்லை. ஒளி எழும் திசை கிழக்கு. அதை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் இருப்பது வடக்கு. அந்தப் பக்கத்தில் மலை. யார் எந்தக் கரையில் நின்றாலும் இப்படியே அமையும். ஆகவே ஏழாழியில் வடக்கு என்றால் உள்ளே, தெற்கு என்றால் வெளியே என்று பொருள். கிழக்கு நோக்கியே கப்பலோட்டுபவன் வளையத்தைச் சுற்றித் தன் ஊருக்கே வந்து சேருவான்.

இப்போது நம் வானத்தைப் பாருங்கள். துருவ விண்மீன் நமக்குத் தெரியவே தெரியாது. வானம் சுழலும் மையம் தெற்கே, அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில் இருக்கிறது. அங்கே கண்ணைக் கவரும் விண்மீன் ஒன்றும் இல்லை. மெகெல்லன் முகில்கள் (முகில்போலத் தெரியும் விண்மீன் திரள்கள்) இரண்டும் அந்த வெற்றிடத்தைச் சுற்றுகின்றன. சென்னையில் 24 பாகை உயரம்வரை ஏறும் அகத்திய விண்மீன் (கனோபஸ்), இங்கே 57 பாகைக்கு மேல் ஏறுகிறது. நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி பிற்பகுதி வரையுள்ள காலம் நீங்கலாக, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே மலையை வலக்கைப் பக்கம் மாற்றிவிடுங்கள். ஒளி எழும் திசையை நோக்கி நிற்பவனுக்கு வலப்புறம், அதாவது தெற்கில், மலை இருக்கட்டும்.

அப்படி மாற்றியவுடன் வேறொன்றும் கூடவே மாறுகிறது. புராண உலகில் சூரியன் மேருவைத் தன் வலப்பக்கம் வைத்துச் சுற்றுகிறது. நாம் கோயிலை வலம் வருவதைப் போலவே. உங்கள் உலகில் விளக்கு மலையை இடமாகச் சுற்றும். தைப்பூசத்தன்று கோர் டி கார்ட் மலைக் கோயிலுக்குக் காவடி எடுத்துச் செல்லும் எவரும் இடமாகச் சுற்ற ஒப்பமாட்டார்கள். அங்கே வானமே நாள்தோறும் அதைச் செய்கிறது! அந்த உலகத்துப் பூசாரிகள் வானத்தைப் பின்பற்றுவார்களா, எதிர்த்துச் சுற்றுவார்களா? ஏழாழியின் சமயப் பூசல் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் புயல்களோ தென்கோளத்தின் இயல்புப்படி வலமாகச் சுழல்பவை. வானம் இடமாகவும் புயல் வலமாகவும் சுற்றும் உலகில், புயலைத்தான் தெய்வம் என்று சொல்லும் ஒரு கூட்டம் கட்டாயம் இருக்கும்.

தெற்கே புதிதாக ஒரு வானம் அமைப்பதற்கு நம் மரபில் முன்மாதிரியும் உண்டு. திரிசங்குவுக்காக விசுவாமித்திரர் தென்திசையில் வேறு ஏழு முனிவர்களையும் வேறு விண்மீன்களையும் படைத்ததாக வால்மீகி இராமாயணத்தின் பாலகாண்டம் சொல்கிறது. எதிர்ப்பில் பிறந்த வானம் அது. தலைகீழாகத் தொங்கும் அரசனைவிட, அந்த இரண்டாம் எழுவர் முதல் எழுவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதே எனக்கு நெடுநாள் ஆர்வம்.

எரிமலைக்காரன் (ரியூனியன்):

மேலே இருவரும் நடுமலை அசையாது என்று எடுத்துக்கொண்டார்கள். நான் மாறுபடுகிறேன். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய அதே வெப்பத்தானம் (நிலத்தடியிலிருந்து எரிமலைகளை எழுப்பும் வெப்ப ஊற்று), நிலத்தட்டு மேலே நகர நகர மாலத்தீவின் அடித்தளத்தையும், பின்னர் மொரிசியஸையும், கடைசியாக எங்கள் தீவையும் எழுப்பியது. இன்றும் இங்கே பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் மலையில் எரிகிறது. நெருப்பு ஓரளவு நின்ற இடத்திலேயே நிற்க, நிலம்தான் அதன் மேல் கடந்து போகிறது. உங்கள் வளையங்களும் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிறந்து வெளியே தள்ளப்பட்டவை என்றால், ஏழாம் தீவு மிகப் பழையது, நடுத்தீவு நேற்றுப் பிறந்தது என்றாகும். நாவலந்தீவான் சொன்ன இருண்ட நடுத்தீவில் அடியிலிருந்து எழும் செந்நெருப்பு மட்டுமே வெளிச்சம்.

தென்வானம்:

மூவருக்கும் நன்றி. 155 இலட்சம் யோசனை விதியையும் இடம்சுற்றும் விளக்கையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். உச்சிப்பொழுது இல்லாத ஆறு தீவுகளையும் நாவலந்தீவான் ஐயா சொன்னபடியே விட்டுவிடுவேன். எரிமலைக்காரர் சொன்ன பிறப்பு வரிசை மிக அழகானது. ஆனால் தீவுகள் நகர்ந்தால் தொலைவுகள் மாறும், தொலைவுகள் மாறினால் பகலின் நீளமும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதைச் சுமக்கும் வலிமை இந்தக் கதைக்கு இல்லை. நடுத்தீவின் செந்நெருப்பை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். விளக்கின் சுற்றை மாற்றியதால், மாலையில் இருள் வரும் திசையும் மாறுமா?

நாவலந்தீவான்:

மாறாது. கிழக்கு என்பதே ஒளி எழும் பக்கம் என்று வைத்துக்கொண்டதால், மலை எந்தக் கையில் இருந்தாலும் விளக்கு மேற்கு நோக்கியே விலகும். விலகும்போது அதன் ஒளிவட்டத்தின் கிழக்கு விளிம்பு முதலில் ஊரைக் கடக்கும். ஆகவே இருளும் கிழக்கிலிருந்தே வரும், மேற்குத் துறையே கடைசியாக இருளும். மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஒரு பத்தியை நீங்கள் மாற்றியாக வேண்டும். துறைகளின் பெயர்களை இடம் மாற்றினாலே போதும் என்று நினைக்கிறேன்.