புதுப்பிப்பு: குவி அல்ட்ராசவுண்ட் முடிந்து ஆறு மாதம்

யோனிச் சுவரில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம், வெட்டி எடுப்பதா, குவி அல்ட்ராசவுண்டா என்று குழம்பி முன்பு எழுதியிருந்தேன். அல்ட்ராசவுண்டையே தேர்ந்தெடுத்தேன். ஒலி அலைகள் மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே குவிந்து, அந்தத் திசுவைச் சூடாக்கி அழிக்கின்றன. வெட்டு, தையல் எதுவும் இல்லை. கருவியின் முனை நகர நகர உள்ளே சுருக்கென்று ஒரு சூடு, அவ்வளவுதான்.

நேற்று கால்போஸ்கோப்பி, அதாவது உருப்பெருக்கும் கருவியால் உள்ளே பார்க்கும் பரிசோதனை. மாறிய திசுவை வெள்ளையாகக் காட்டும் அசிட்டிக் அமிலம் தடவினார்கள். போன முறை திரையில் வெள்ளைத் திட்டாகத் தெரிந்த இடம் இப்போது சுற்றிலும் உள்ள இளஞ்சிவப்போடு கலந்துவிட்டது. பார்த்ததும் அழுதுவிட்டேன்.

ஆனால் இந்த மாற்றத்தை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் இன்னும் இருக்கிறது, மாற்றம் திரும்பவும் வரலாம். பரிசோதனையை விடமாட்டேன்.

அப்புறம், இதே சிகிச்சையைப் பற்றிக் கேட்ட தோழிக்கு: முதலில் பயாப்சி, அதாவது சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பது. ஊடுருவிய புற்றுநோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் இது.