ஸ்டார்ட்அப் பட்டியலில் முடக்கிய பிறகும் செயலிகள் தாமாகத் திறப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 உள்ளது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் 7 செயலிகளை முடக்கிவிட்டேன். ஆயினும் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழைந்ததும், முந்தைய இரவு திறந்து வைத்திருந்த பிரௌசர் மீண்டும் வந்து நிற்கிறது. அதைவிட வியப்பு, இரவில் முறையாக ஷட் டவுன் செய்திருந்தும், காலையில் டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ (கணினி தொடர்ந்து இயங்கிவரும் நேரம்) 9 நாள் என்று இருக்கிறது. பிடிஎஃப் கோப்புகளும் பிரௌசரிலேயே திறக்கின்றன. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. பிரௌசர் திரும்பி வருவதற்கும் அந்தப் பட்டியலுக்கும் தொடர்பில்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதனுள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் சென்றால், வெளியேறும்போது திறந்திருந்த செயலிகளை நினைவில் வைத்து மறுபடி திறக்கும் ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள்.

‘அப் டைம்’ விஷயத்துக்குக் காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் உள்ள இந்த வசதியில், ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் செயலிகள் மூடப்படுமே தவிர, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் நினைவகத்தில் இருந்தபடியே வட்டில் எழுதப்பட்டு, மறுமுறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும் (பலரும் இதை நேர்மாறாகவே நினைக்கிறார்கள்). நிரந்தரமாக நிறுத்த வேண்டுமானால், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன்களுக்கான பக்கத்தைத் திறந்து, மங்கலாக இருக்கும் தேர்வுகளை மாற்ற அனுமதிக்கும் இணைப்பை முதலில் அழுத்திய பிறகே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் டிக்கை எடுக்க இயலும். எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) உள்ள கணினியில் இதனால் சில நொடிகளுக்கு மேல் இழப்பு இராது என்பது என் கருத்து.

பதில் 2:
ஒரு சேர்க்கை. அதே கணினியில் லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளத்தையும் வைத்திருப்போர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தே ஆக வேண்டும். இல்லையேல் விண்டோஸ் பகுதி பாதி உறங்கிய நிலையிலேயே இருப்பதால், லினக்ஸிலிருந்து அதில் எழுதுவது ஆபத்து.

பிடிஎஃப் கோப்பின் மீது வலது கிளிக் செய்து, ‘ஓப்பன் வித்’ வழியாக உங்கள் செயலியைத் தேர்ந்து, ‘ஆல்வேஸ்’ என்பதை அழுத்துங்கள். ‘ஜஸ்ட் ஒன்ஸ்’ என்பதை அழுத்தினால் அந்த ஒரு முறையோடு சரி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று காலை ‘அப் டைம்’ 4 நிமிடம் என்றது, பிரௌசரும் வரவில்லை. பிடிஎஃப்பில் நான் இத்தனை நாளும் ‘ஜஸ்ட் ஒன்ஸ்’ என்பதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன்.