அலெக்ஸ் கிராஸ்: மனத்தை விட்டுப் போகாத காட்சி

துப்பறிவாளர் அலெக்ஸ் கிராஸாக டைலர் பெர்ரி நடித்து 2012-இல் வந்த ஆங்கிலப் படம் இது. அதில் மனத்தை விட்டுப் போகாத காட்சி எது என்ற கேள்விக்கு வாசகர்கள் எழுதியவை கீழே.

சோமனூர் தறிக்காரர்
இரவு ஷிப்ட். நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து, போனில் மீதியைப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் வசனம் எதுவும் காதில் விழவில்லை. கூண்டுச் சண்டைக்குக் கொலைகாரன் வந்து நிற்கிறான். மாத்யூ ஃபாக்ஸ் அந்த வேடத்துக்காக உடம்பை எப்படி வற்றவைத்திருக்கிறார்! தோலுக்கு அடியில் நரம்பு நெளிகிறது. விடியற்காலையில் சைக்கிளில் வீடு திரும்பும்போது இரண்டு முறை பின்னால் பார்த்தேன். படம் மோசம் என்று எழுதியவர்கள் அந்த மனிதரையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

பொள்ளாச்சிப் பெண்
உணவகத்தில் மனைவி எதிரே உட்கார்ந்திருக்கிறாள், வயிற்றில் குழந்தை, கிராஸுக்குப் போன் வருகிறது. பார்த்தவர்களுக்கு மீதி தெரியும். என் பக்கத்தில் நங்கையா, அதாவது அண்ணி, இருந்தார். ஏழாம் மாதம், முந்தின வாரம்தான் வளைகாப்பு. குண்டு பாய்ந்த நொடியில் அவர் கை வயிற்றைப் பொத்தியது. அத்தனை வளையலும் ஒரே குலுக்கலாகக் குலுங்கின. எனக்கு இன்றைக்கும் கேட்பது அந்தச் சத்தம்தான். அம்மா வந்து டிவியை அணைத்து, "போதும் கண்ணு, எழுந்து வா" என்று அவரை உள்ளே அழைத்துப் போனார். படத்தைப் போட்டது நான்.

ஈரோட்டு வாசகர்
சோமனூர் அண்ணாவுக்கு: உடம்பு இளைத்தால் நடிப்பாகிவிடுமா? 1997-இலும் 2001-இலும் இதே கிராஸாக மார்கன் ஃப்ரீமன் வந்தார். நின்று யோசிப்பதிலேயே நம்மை உட்காரவைத்தார். 2012-இல் டைலர் பெர்ரிக்கு அந்த அவகாசத்தையே கொடுக்கவில்லை. உளவியல் படித்த துப்பறிவாளரைத் துப்பாக்கியோடு ஓடவிட்டால் மிச்சம் என்ன? நான் பாதியில் எழுந்துவிட்டேன், என் அனுபவம் அவ்வளவுதான். பொள்ளாச்சித் தங்கைக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கொலைப் படம் எதுவானாலும் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். இரவில் வேண்டவே வேண்டாம். சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. தூங்கிவிட்டார்கள் என்று நினைப்போம், போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிந்தால் இந்தப் படத்துக்கு மூலமான ஜேம்ஸ் பேட்டர்சனின் நாவலைப் படியுங்கள். பிடிக்காத பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

கோபி, ஆபரேட்டர் மகன்
கடைசிச் சண்டை நடக்கும் அந்தப் பாழடைந்த கூரையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அது செட் அல்ல. டெட்ராய்டில் 1926-இல் திறந்த மிச்சிகன் தியேட்டர். நாலாயிரம் பேர் உட்கார்ந்து படம் பார்த்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். மேலே சுண்ணாம்புப் பூவேலை பிய்ந்து தொங்குகிறது. அப்பா முப்பது வருடம் ஆபரேட்டர். அவர் படம் ஓட்டிய தியேட்டரில் இன்றைக்கு மஞ்சள் மூட்டை அடுக்கியிருக்கிறது. திரையில் கிராஸும் கொலைகாரனும் அடித்துக்கொண்டு கிடக்க, அப்பா எழுந்து டிவியின் அருகே போய், அந்தச் சுவர்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "புரொஜெக்டர் ஓட்டை எந்தப் பக்கம் இருந்திருக்கும், சாமி?" என்றார். திரும்பப் போடச் சொன்னார். மூன்று முறை போட்டேன். கண்ணில் படவில்லை.