சேவ் ரிபேட் கோரிக்கை திரும்பி வருகிறது: லைன் வீடு, மாடல் எண், மொத்தக்கடை இன்வாய்ஸ் – உதவி தேவை

சிப்புட் மின்கடை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐஸ்பெட்டி, ஏர்கோன் விற்கும் சின்னக் கடை. கரண்டு மிச்சமாகும் நட்சத்திர லேபிள் சாமான் வாங்கும் வீட்டுக்கு அரசாங்கம் ரிபேட் (விலைக்கழிவு) கொடுக்கும் சேவ் திட்டத்தில் பதிந்த கடைதான். வாங்குகிறவருக்கு 200 வெள்ளியை (ரிங்கிட்) கவுண்டரிலேயே கழித்துக் கொடுத்துவிட்டு, பிறகு கோரிக்கை அனுப்புவது இங்கே வழக்கம். இந்தத் தடவை அனுப்பியதில் பாதி திரும்பிவிட்டது. சிக்கியவை இவை:

அ) தோட்டத்து லைன் வீட்டுக்காரர் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு). இரண்டு கதவு ஐஸ்பெட்டி, 5 நட்சத்திரம். கரண்டு பில் என்று அவர் கொண்டுவந்தது தோட்ட ஆபீஸ் சீட்டு. கிராணி (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) மீட்டர் பார்த்து எழுதுவார், பணம் சம்பளத்தில் பிடிபடும். டிஎன்பி (மின்சார நிறுவனம்) கணக்கு எண் கேட்டதும் ஆபீஸ் எண்ணையே வாங்கிவந்து கொடுத்தார். நிராகரிப்பு.

ஆ) 1 குதிரைத்திறன் இன்வர்ட்டர் ஏர்கோன். லேபிளில் 5 நட்சத்திரம் பளிச்சென்று இருக்கிறது. ‘மாடல் பொருந்தவில்லை’ என்று பதில்.

இ) கடை வீட்டு மாடியில் குடியிருக்கும் குடும்பம். பில் இன்னும் காலமான அப்பா பெயரில். இதுவும் நிராகரிப்பு.

ஈ) ஈப்போவில் நாங்கள் சரக்கு எடுக்கும் மொத்தக்கடை, "ரிபேட்டை எங்கள் இன்வாய்சிலேயே கழித்துவிட்டோம், நீங்கள் மறுபடி கோரக் கூடாது" என்கிறது.

கழித்த 200 வெள்ளியை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கேட்க முடியாது. நாளைக்கே சந்தையில் முகத்தில் விழிக்க வேண்டும். எதைத் திருத்தி அனுப்பலாம், எதை விட்டுவிட வேண்டும்?

தெலுக் இந்தான் டீலர்

அ-வை விட்டுவிடுங்கள். மறுபடி அனுப்பினாலும் அதே பதில்தான் வரும்.

ரிபேட் ஆளுக்கு இல்லை, வீட்டு மின்கணக்குக்கு. 2021-ல் சேவ் 2.0 வந்தபோதும் அடிப்படை இதுதான்: வீட்டு உபயோகக் கணக்கு, 4 அல்லது 5 நட்சத்திர ஐஸ்பெட்டி அல்லது ஏர்கோன், 200 வெள்ளி. தோட்டம் டிஎன்பியிடம் மொத்தமாக ஒரே மீட்டரில் கரண்டு எடுத்து, உள்ளே லைனுக்கு லைன் துணை மீட்டர் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு கம்பெனியுடையது, வீட்டுக் கட்டணத்தில் வராது. ஒன்று தப்பித் தவறி நுழைந்தாலும், அதே எண்ணில் அடுத்த லைன் வீட்டுக்காரர் வரும்போது மாட்டும். கம்பெனிக் கணக்கை வீட்டுக் கணக்கு என்று எழுதிக் கொடுத்தது கடை என்றாகிவிடும். 200 வெள்ளிக்காகக் கடையின் பதிவை அடகு வைக்க வேண்டாம்.

ஆனால் லைன் வீடு என்றாலே கிடையாது என்றும் முடிவு கட்டாதீர்கள். சில தோட்டங்களில் வீட்டுக்கு வீடு டிஎன்பி மீட்டரே போட்டிருக்கிறார்கள். கவுண்டரில் ஒரு கேள்வி போதும்: "மீட்டர் பார்க்க வருகிறது யார், கிராணியா, டிஎன்பி ஆளா?" டிஎன்பி ஆள் என்றால் பில்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பில்லில் மூன்று இடம் பார்க்க வேண்டும்: 12 இலக்கக் கணக்கு எண், கட்டண வகை (டொமெஸ்டிக் என்று இருக்க வேண்டும்), வீட்டு முகவரி. பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகல் எடுப்பதால்தான் பாதிக் கோரிக்கை கெடுகிறது.

இன்னொன்று. தோட்டத்தில் வேலை செய்தாலும் தாமானில் (வெளியே உள்ள குடியிருப்புப் பகுதி) சொந்த வீடு வாங்கிப் பிள்ளைகளை அங்கே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். சாமான் அந்த வீட்டுக்குப் போகிறதென்றால் அந்த வீட்டுக் கணக்கில் கோரலாம். டெலிவரி முகவரியும் அதுவாகவே இருக்கட்டும். பில் தாமானில், சாமான் லைனில் என்றால் எழுதாதீர்கள்.

பீடோர் வயர்மேன்

ஆ-வுக்கு என் ஊகம்: இன்வாய்சில் போட்டது பெட்டிக் குறியீடு, கோரிக்கையில் போட்டது இன்டோர் குறியீடு, லேபிளில் இருப்பது ஜோடி.

ஸ்பிலிட் ஏர்கோனில் மாடல் எண் ஒன்றல்ல. உள்ளே மாட்டும் பெட்டிக்கு ஒன்று, வெளியே வைக்கும் கம்ப்ரஸர் பெட்டிக்கு ஒன்று, டீலர் விலைப்பட்டியலில் செட்டுக்கு இன்னொன்று. நட்சத்திரம் கிடைப்பது சோதனை செய்த ஜோடிக்கு. சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும்; கோடு, புள்ளி, கடைசி எழுத்து உட்பட. கடைசி எழுத்தை ‘கலர்தானே’ என்று விடுகிறார்கள். ஐஸ்பெட்டியில் அது பெரும்பாலும் கலர்தான். ஏர்கோனில் அதுவே அடுத்த வருஷத்து மாடலாகவும் இருக்கும்.

நட்சத்திர லேபிளை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். ஷோரூமில் லேபிள் கழன்று விழுந்து, பக்கத்துப் பெட்டி லேபிளை ஒட்டிவைத்த கதையெல்லாம் உண்டு. பெயர்ப்பலகையைப் பாருங்கள்: இன்டோருக்குப் பக்கவாட்டிலோ அடியிலோ, அவுட்டோருக்கு வால்வு இருக்கும் பக்கத்தில், ஐஸ்பெட்டிக்குக் கீழ்க் கதவைத் திறந்தால் உள்சுவரில். சீரியல் எண்ணையும் அங்கிருந்தே எடுங்கள். அட்டைப்பெட்டி ஸ்டிக்கரை நம்பினால், ஸ்டோரில் இரண்டு பெட்டி மாறிப்போன அன்றைக்குத் தெரியும்.

எந்தச் சரக்கு, எப்போது வந்தது என்று சொன்னால் மேலே பார்க்கலாம்.

சிப்புட் மின்கடை

பார்த்தேன் அண்ணே. இன்வாய்சில் செட் குறியீடு. பெயர்ப்பலகையில் இன்டோர், அவுட்டோர் இரண்டும் தனித்தனி எண். பட்டியலில் ஜோடியாகத்தான் இருக்கிறது. சரக்கு பழையதில்லை. ஆனால் ஸ்டோரில் இரண்டு பழைய ஏர்கோன் கிடக்கிறது, அதிலும் 5 நட்சத்திரம். அதை இப்போது விற்கலாமா?

பீடோர் வயர்மேன்

அப்படியானால் ஆ உயிரோடு இருக்கிறது. பழைய இன்வாய்சை அழித்து எழுதாதீர்கள். ரத்து செய்து, அதே தேதியைக் காட்டும் குறிப்போடு திருத்திய இன்வாய்ஸ் போடுங்கள்: இன்டோர் மாடல், அவுட்டோர் மாடல், இரண்டு சீரியல், நான்கும் தனித்தனி வரியில். மாட்டிய பிறகு இரண்டு பெயர்ப்பலகையையும் படம் பிடித்துச் சேர்த்து அனுப்புங்கள். சுவரில் மாட்டிய இன்டோரின் பெயர்ப்பலகை சில மாடலில் கூரையைப் பார்த்திருக்கும். மாட்டுவதற்கு முன்னாலேயே படம் எடுக்கப் பையனிடம் சொல்லி வையுங்கள்; இல்லையென்றால் ஏணியோடு மறுபடி போக வேண்டும்.

பழைய சரக்கு: விற்கலாம், ரிபேட்டைச் சொல்லி விற்காதீர்கள். ஏர்கோன் நட்சத்திரம் முன்பு ஈஈஆர் கணக்கில் இருந்தது. அது முழு வேகத்தில் ஓடும்போது எவ்வளவு குளிர்ச்சிக்கு எவ்வளவு கரண்டு என்கிற ஒரே புள்ளி. பிறகு சிஎஸ்பிஎஃப் கணக்கு வந்தது. பாதிச் சுமையில் ஓடும் நேரத்தையும் அது சேர்த்துப் பார்க்கும். அதனால்தான் இன்வர்ட்டர் மேலே ஏறியது, வேகம் மாறாத ஏர்கோன் கீழே நின்றுவிட்டது. பழைய லேபிளின் 5 புதுக் கணக்கில் 5 ஆக நிற்கும் என்று சொல்ல முடியாது. பட்டியலில் அந்த மாடல் இன்றைக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்படியே ஒரு வார்த்தை. இந்த நட்சத்திரக் கணக்கு 7.1 கிலோவாட் குளிர்ச்சி வரைக்கும்தான்; ஏறக்குறைய இரண்டரைக் குதிரைத்திறன். அதற்கு மேல் பெரிய ஏர்கோன் கேட்டு வருபவரிடம் ரிபேட் பேச்சே எடுக்க வேண்டாம்.

மொத்தக்கடை ஸ்டோர்

ஈ-க்கு நான் சொல்கிறேன், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால்.

இரண்டு வேறு பணத்தை ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள். உங்கள் மொத்தக்கடை கழித்தது பிராண்டு கொடுக்கும் டீலர் சலுகையாக இருக்கும். மாதத்துக்கு இத்தனை பெட்டி எடுத்தால், அல்லது இந்த மாடலை இந்தத் தேதிக்குள் விற்றால் பெட்டிக்கு இவ்வளவு என்று கிரெடிட் நோட்டில் வரும். அதையும் ‘ரிபேட்’ என்றுதான் சேல்ஸ்மேன் சொல்வார். சேவ் பணம் அது இல்லை. அது செடா (திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பு) வழியாக வீட்டுக்காரர் பெயரில் நடப்பது. மொத்தக்கடையிடம் வீட்டுக்காரரின் பில்லும் இல்லை, ஐசியும் (அடையாள அட்டை) இல்லை, அதை அவர் எப்படிக் கோர முடியும்? கிரெடிட் நோட்டைக் கேட்டு வாங்கி, அதில் எந்தத் திட்டம் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வெளிநாட்டுப் பேச்சும் ஒரு காரணம். அமெரிக்காவில் பல மின் நிறுவனங்கள் மொத்த விற்பனையாளருக்கே ரிபேட் கொடுக்கின்றன. அவர் கான்ட்ராக்டருக்குக் கவுண்டரிலேயே விலையைக் குறைத்துவிட்டு, மாடல், சீரியல், மாட்டிய முகவரி எல்லாம் சேர்த்து விற்பனைப் பட்டியலை மின் நிறுவனத்துக்கு அனுப்பிப் பணம் வாங்குவார். வாங்குகிறவர் ஒரு பாரமும் நிரப்ப வேண்டாம். நல்ல ஏற்பாடு, ஏனென்றால் ஸ்டோரில் எந்தச் சரக்கு நிற்கும் என்று தீர்மானிப்பது மொத்த வியாபாரிதான். ஆனால் சேவ் அப்படி ஓடவில்லை.

ஈப்போ கணக்குப்பிள்ளை

இன்வாய்ஸ் எழுதும் முறையிலும் பிழை இருக்கும் என்று நினைக்கிறேன். 1,499 வெள்ளிப் பெட்டிக்கு ‘டிஸ்கவுண்ட் 200, மொத்தம் 1,299’ என்று போடுகிறீர்களா?

சிப்புட் மின்கடை

ஆமாம், அப்படித்தான்.

ஈப்போ கணக்குப்பிள்ளை

அப்படிப் போட்டால் கடை விலையைக் குறைத்தது என்றுதான் அர்த்தம். விற்பனை 1,299 ஆகிவிடும், பிறகு வரும் 200 எங்கிருந்து வந்தது என்று கணக்கில் தனியாக நிற்கும்.

விற்பனை விலை 1,499 அப்படியே இருக்கட்டும். கீழே பணம் கட்டிய விவரத்தில் இரண்டு வரி: வாடிக்கையாளர் கட்டியது 1,299, சேவ் ரிபேட், கோட் எண் (அந்த ரிபேட்டுக்குத் திட்டம் கொடுக்கும் எண்) இன்னது, 200. அந்த 200 உங்களுக்கு வர வேண்டிய பாக்கி. தனி லெட்ஜரில் கோட் எண், இன்வாய்ஸ் எண், அனுப்பிய தேதி, பணம் வந்த தேதி என்று நான்கு பத்தி. கடையின் சொந்தத் தள்ளுபடியும் கொடுக்கிறீர்கள் என்றால் அது மேலே, விலைக்குப் பக்கத்தில், ரிபேட் கீழே. இரண்டையும் ஒரே வரியில் குழைக்க வேண்டாம்.

பெரிய விஷயம் வரிசை. முதலில் பில்லும் ஐசியும், அடுத்து பட்டியலில் மாடல், பிறகு கோட், கடைசியில்தான் இன்வாய்ஸ். கோட் கைக்கு வராமல் 200 கழிப்பது கடை போடும் கடன். 25 பெட்டி நிலுவையில் இருந்தால் 5,000 வெள்ளி முடங்கியிருக்கிறது, அதற்கு மொத்தக்கடை தவணை நாள் காத்திருக்காது. அவசரமாக வேண்டும் என்பவரிடம் முழு விலை வாங்கிக்கொள்ளுங்கள், கோட் இல்லாத பெட்டிக்கு ரிபேட் இல்லை என்று வாயால் சொல்லி, இன்வாய்சிலும் எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நட்சத்திரம், தொகை, தேதி எல்லாம் மாறும். அந்தச் சுற்றின் விதித்தாளை அச்செடுத்துக் கவுண்டரில் ஒட்டுங்கள். போன சுற்றின் போஸ்டரைக் கிழித்துவிடுங்கள், வாடிக்கையாளர் அதைக் காட்டித்தான் சண்டை போடுவார்.

தெலுக் இந்தான் டீலர்

இ-யை மறந்துவிட்டோம். அதில் இரண்டு முடிச்சு. கடை வீடு என்பதால் முதலில் கட்டண வகையைப் பாருங்கள். கீழே கடை, மேலே வீடு, மீட்டர் ஒன்று என்றால் கணக்கு வணிகக் கட்டணத்தில் இருக்கும். பெயர் மாற்றியும் பயனில்லை. மாடிக்குத் தனி மீட்டர், டொமெஸ்டிக் என்றால் பெயர் மாற்றம் செய்தபின் புதுக் கோரிக்கை போடலாம். ஐசி, இறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எடுத்துக்கொண்டு கெடாய் தெனாகா (டிஎன்பி சேவைக் கவுண்டர்) போகச் சொல்லுங்கள். புதுப் பெயருக்கு டெபாசிட் கேட்பார்கள், பொதுவாக இரண்டு மாத பில் அளவு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 200 வெள்ளிக்காக அலையவிட்டது நீங்கள் என்று வரும். ஏற்கெனவே எழுதிய இன்வாய்ஸ் பெயர் மாற்றத்துக்கு முந்திய தேதி என்பதால் பழைய பெட்டிக்கு நம்பிக்கை வைக்க வேண்டாம்.

கோயில் கமிட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோயில் ஆபீஸ் அறைக்கு ஏர்கோன் வாங்குகிறோம். தலைவர் வீட்டுப் பில்லில் ரிபேட் எடுக்கலாமா?

தெலுக் இந்தான் டீலர்

கூடாது ஐயா. சாமான் மாட்டும் இடத்தின் கணக்கு வீட்டுக் கணக்காக இருக்க வேண்டும். தலைவர் தன் வீட்டுக்கு வாங்கும்போது அவருக்கே அது இல்லாமல் போய்விடும்.

சிப்புட் மின்கடை

எல்லோருக்கும் நன்றி. லைன் வீட்டுக்காரர்களுக்கு ரிபேட் இல்லை என்றால், 5 நட்சத்திரத்தைச் சொல்லி விற்பது நியாயமா? அவர்கள் கேட்பது ‘எனக்கு என்ன மிச்சம்’ என்றுதான்.

பீடோர் வயர்மேன்

லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். இரண்டு பெட்டிக்கும் கழித்துப் பாருங்கள். 380-க்கும் 260-க்கும் வித்தியாசம் 120 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 2025 முதல் மாதம் 1,500 யூனிட் வரை ஓடும் வீட்டுக்கு எரிசக்தி, திறன், கட்டமைப்பு மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 காசு. அதன்படி வருஷத்துக்கு 53 வெள்ளி சொச்சம். ஆனால் மாதம் 200 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு 25 காசு ஊக்கத்தொகை திரும்பக் கழிகிறது, மிஞ்சுவது 19.43 காசு. அப்போது அதே 120 யூனிட்டுக்கு 23 வெள்ளிதான். சின்னக் குடும்பத்திடம் 53 என்று சொன்னால் பில் வந்ததும் கடைக்கு வருவார்கள்.

லைன் வீட்டுக்கு இந்த இரண்டு எண்ணும் பொருந்தாது. ஆபீஸ் சீட்டில் கிராணி யூனிட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார் என்று பார்த்து, அதால் பெருக்குங்கள். சில தோட்டத்தில் மாதம் இத்தனை யூனிட் வரை பிடிப்பதே இல்லை. அந்த வீட்டுக்காரருக்கு மிச்சமும் பூஜ்யம். அவரிடம் நட்சத்திரம் பேசாமல் கம்ப்ரஸர் வாரண்டியும் விலையும் பேசுங்கள். லைன் கோடியில் இருக்கும் வீடு என்றால் ராத்திரி 8 மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு என்று ஒரு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். 230-ல் 6 சதவீதம் குறைந்தால் 216. அதற்கும் கீழே இறங்கினால் பெட்டி எத்தனை நட்சத்திரமாக இருந்தாலும் ஸ்டார்ட் ஆகத் திணறும், திரும்பி வருவது உங்கள் கடைக்குத்தான்.

சிப்புட் மின்கடை

சரி அண்ணே. ஆ-வுக்கு இன்றைக்கே திருத்திய இன்வாய்ஸ். இ-க்கு மீட்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அ-வைக் கடைச் செலவில் எழுதிவிடுகிறேன்.

ஈப்போ கணக்குப்பிள்ளை

செலவில் எழுதும்போது ‘ரிபேட் நிராகரிப்பு’ என்று தனித் தலைப்பில் எழுதுங்கள், டிஸ்கவுண்டில் கலக்காமல். நிராகரிப்புக் கடிதத்தையும் இன்வாய்சோடு பின் போட்டு வையுங்கள், ஆடிட்டர் கேட்பார்.