புதுப்பிப்பு: அதே நான்கு கைகள் மட்டும் உயரும் வகுப்பு

என் இயற்பியல் வகுப்பில் எந்தக் கேள்விக்கும் அதே நான்கு கைகள்தான் உயர்கின்றன என்று இரண்டு மாதங்களுக்கு முன் புலம்பியிருந்தேன். மாணவர்கள் எல்லோரும் கைப்பேசியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பை முயலச் சொன்னீர்கள்.

முதல் வாரம் வீண். வேகமாக விடையளித்தால் கூடுதல் புள்ளி தரும் செயலியைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்தவர்கள் பின்தங்க, ஊகித்தவர்கள் வென்றார்கள்.

பிறகு ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறைக்கு மாறினேன். முதலில் தனியாக வாக்கு. சரியான விடைக்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவருடன் வாதாடவிட்டு மறுவாக்கு. மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் சுழியா என்று கேட்டேன். பாதிப் பேர் ஆம் என்றார்கள். திசைவேகம்தான் சுழி, புவியீர்ப்பு அங்கே ஓய்வெடுப்பதில்லை என்று பக்கத்து இருக்கைக்காரனிடம் அடித்துச் சொன்னவள், ஆண்டு முழுக்க வாய் திறக்காத மாணவி!

கைப்பேசி இல்லாதவர்களுக்கு, விடைக்கு ஒரு நிறமாக உயர்த்திக் காட்ட நான்கு நிற அட்டைகள். உண்மையில் அட்டைகளே போதும், எண்ணுவதுதான் தொல்லை. கடைசி வரிசையில் இருவர் இன்னும் பக்கத்தில் எட்டிப் பார்த்தே வாக்களிக்கிறார்கள். வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.